இடைகழி

திண்ணை தாண்டி நிலைவாசலுக்குள் நுழைந்தால், முற்றத்துக்கு முன்னால் ஒரு குறுகல் வரும். செருப்பும் குடையும் நெல்மூட்டையும் கிடக்கிற அந்த இடம் ரேழி. மூலச்சொல் இடைகழி: இடையில் கடந்துபோகும் வழி. பேச்சில் முதல் உயிர் தேய்ந்து டேழியாகி, டகரம் ரகரமாகிவிட்டது.

இந்தச் சொல்லுக்குச் சொந்த ஊர் உண்டென்றால் அது திருக்கோவிலூர்தான். மழையிரவில் பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற ஆழ்வார்கள் மூவரும் மிருகண்டு முனிவரின் ஆசிரம இடைகழியில் ஒதுங்கிய கதை தெரிந்ததே. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நாலாவதாக ஒருவர் புகுந்து நெருக்குகிறார். இருட்டில் ஆள் தெரியவில்லை. பொய்கையார் உலகத்தையே அகலாக்கி விளக்கேற்றினார். பூதத்தார் அன்பை அகலாக்கினார். அந்த வெளிச்சத்தில் பேயார் பெருமாளைக் கண்டார்.

கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது முதல் திருவந்தாதியின் 86ஆம் பாட்டு. வாசலைக் கடந்து வெளியேறாமலும் உள்ளே புகாமலும் திருமகளோடு கோவல் (திருக்கோவிலூர்) இடைகழியையே பற்றி நிற்கிறாயே என்று கேட்கிறார் பொய்கையார். கருவறை இருக்க, நடைவழியைப் பிடித்துக்கொண்ட சாமி! வேதாந்த தேசிகரும் வடமொழியில் தேஹளீச ஸ்துதி என்றுதான் பாடினார். தேஹளி என்றால் வாசற்படி.

வியன்னாவில் ஃபிராய்டும் மனத்தை விளக்க ஒரு வீட்டைக் காட்டினார். 1916-17இல் வெளிவந்த அவருடைய சொற்பொழிவுகளில் அது வருகிறது. முன்கூடத்தில் ஆசைகள் முண்டியடிக்கின்றன; அடுத்த சிற்றறையில் நனவு குடியிருக்கிறது; நடுவே வாசற்படியில் ஒரு காவல்காரன். நெரிசல் அங்கும் உண்டு, ஆனால் முண்டுகிறவரைத் தடுத்து நிறுத்தத்தான் அங்கே ஆள் போட்டிருக்கிறது. கோவலூரில் நெருக்கியவர்தான் கடவுள்.

இன்னோர் உளவியலாளரான யுங் வேறு வழியில் போனார். பிறவியிலேயே நமக்குள் முழுமையாக ஒரு ‘தான்’ உண்டென்று சொல்ல உபநிடத ஆன்மாவைத் துணைக்கு அழைத்தார். ரமண மகரிஷியைப் பற்றி இந்தியவியலாளர் ஹைன்ரிச் ஸிம்மர் எழுதி, ஸிம்மர் இறந்தபின் 1944இல் வெளியான நூலுக்கு முன்னுரையும் எழுதினார்.

அந்த ரமணர் 1896இல், பதினாறு வயதில், திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் திருக்கோவிலூருக்கு எதிர்க்கரையில் அறையணிநல்லூர்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தார். திடீரென்று கண் கூசும் ஒளி. கருவறையிலிருந்து வருகிறதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தார். அங்கே ஒளி இல்லை. திரும்பவும் மண்டபத்திலேயே வந்து அமர்ந்தார். கோயிலைப் பூட்டவேண்டும், கிளம்பு என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள்.