எல்லைக்கல் தேடிப் போகிறவர்கள்

பாஸ்டனில் வரிச்சட்ட வழக்கறிஞராக இருந்த கிங்ஸ்பரி பிரவுன் 1980-இல் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். தங்கள் காட்டிலும் வயலிலும் கட்டடம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் நிலக்காரர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பழகிய கை அவருடையது. இதே வேலையை மற்ற மாநிலங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்க்கக் கிளம்பினார். அங்கங்கே இருந்த நிலக் காப்பு அறக்கட்டளைகளை, இங்கே நாம் லேண்ட் டிரஸ்ட் என்று சொல்கிறோமே அவற்றை, தேடிப் போய்ப் பார்த்தார்.

போன இடமெல்லாம் நல்ல வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒருவருக்கு மற்றவரைத் தெரியவில்லை. ஓர் ஊரில் எப்போதோ தீர்ந்துபோன சிக்கலை இன்னோர் ஊரில் புதிதாக அவிழ்க்க உட்கார்ந்திருந்தார்கள். நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட குழுக்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். கேள்வி கேட்க ஆளில்லை, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. பணக்குறையைவிட இந்தத் தனிமைதான் பெரிய குறை என்று பிரவுன் கண்டுகொண்டார். லிங்கன் நிலக் கொள்கைக் கழகம் இடம் கொடுக்க, 1981 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இந்தக் குழுக்களின் பிரதிநிதிகள் முதன்முறையாக ஓரிடத்தில் கூடினார்கள். மறு ஆண்டு, 1982-இல், லேண்ட் டிரஸ்ட் எக்ஸ்சேஞ்ச் பிறந்தது. பரிமாற்றம் என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்ட நிறுவனம். 1990 முதல் அதற்கு லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ் என்று பெயர்.

நம் சங்கத்து விழா மலரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வரலாறு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காடு, ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் ஓடைக்கரை, பூசணிக்காய் வாங்கும் பண்ணை ஆகியவற்றில் எத்தனையோ இந்தக் குழுக்களால் நிற்கின்றன. நிழலை அனுபவிக்கிறோம். மரத்தை யார் காக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஊரிலிருந்து கோடையில் வந்திருந்த அப்பாவிடம் இந்தக் குழுக்கள் நிலத்தைக் காக்கும் ஏற்பாட்டை விளக்கியது நினைவிருக்கிறது. நிலம் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் மனைகளாகப் பிரிப்பது, கட்டடம் எழுப்புவது போன்ற உரிமைகளை மட்டும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு ஓடும். அடுத்து வாங்குபவரையும் கட்டும். அப்பா நெற்றியைச் சுருக்கினார். “கட்டவும் கூடாது, பிரிக்கவும் கூடாதுன்னா, அவன் என்னடா சொந்தக்காரன்?” என்றார். நம் பத்திரங்களில் ‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுவதை எடுத்துச் சொன்னேன். அடுத்தவர் நடந்துபோகும் பாதையில் சொந்தக்காரர் சுவர் வைக்க முடியாது. அதனால் நிலம் அவருடையதில்லை என்று ஆகிவிடுமா? கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப இது அவனா விரும்பி ஏத்திக்கிட்ட வில்லங்கம்னு சொல்லு” என்றார்.

அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆங்கிலத்தில் இதற்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று பெயர். 1959-இல் அந்தப் பெயரைப் பரவலாக்கியவர் வில்லியம் ஒயிட். நம் மாசசூசெட்ஸில் கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்போம். இங்கே மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும்.

நிலத்தைப் பொதுவுக்காகக் காக்கும் எண்ணம் ஈஸ்மென்டுக்கு முந்தியது, அதுவும் நம் பக்கத்தில் பிறந்தது. சார்லஸ் எலியட் என்ற இளம் நிலக்கலைஞர் 1890-இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பெல்மான்ட், வால்த்தம் ஊர்களின் எல்லையில் நின்ற வேவர்லி ஓக் மரங்களைப் பற்றிய கவலை அது. நூலகம் நூல்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் பொதுமக்களுக்காக வைத்துக் காப்பதுபோல, அழகான நிலத்துண்டுகளை வைத்துக் காக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவர் வாதம். 1891-இல் மாநிலச் சட்டமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. இன்று தி டிரஸ்டீஸ் என்று அறியப்படும் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. உலகின் முதல் நிலக் காப்பு அறக்கட்டளை என்று இதைச் சொல்கிறார்கள். 1895-இல் இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் தொடங்கியவர்களுக்கு இது முன்மாதிரியாக இருந்தது.

அந்த அமைப்புக்கு முதலில் வந்த நிலம் ஸ்டோனம் ஊரில் உள்ள வர்ஜீனியா வுட். ஃபேனி ஃபாஸ்டர் டியூடர் என்ற அம்மையார், இறந்துபோன தன் மகள் வர்ஜீனியாவின் நினைவாகக் கொடுத்தது. இன்று அது மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டின் ஒரு பகுதி. நம்மில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நடந்திருப்போம். எலியட் 1897-இல் முப்பத்தேழு வயதில் மறைந்தார். சட்டமும் காடும் இருக்கின்றன.

இனி அலையன்ஸின் கதைக்கு வருகிறேன். இதை ஒரு நில அமைப்பின் வரலாறாக எழுத முடியாது. ஓர் ஏக்கரைக் காட்டி இது எங்கள் அலையன்ஸ் காத்தது என்று சொல்வது அதன் தொழில் இல்லை. அது செய்தது செய்தி சொன்னதும் பயிற்சி கொடுத்ததும்தான். பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையை மாணவர்களின் வழியாகத்தானே எழுத முடியும்?

முதல் வேலை இதழ். ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற பெயரில் வந்த அந்த இதழின் வேலை ஒரு குழு கற்றதை மற்றக் குழுக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. காலமும் அதற்கு அமைந்தது. ஈஸ்மென்ட் கொடையாளருக்கான வரிச்சலுகையை 1980-இல்தான் நாடாளுமன்றம் நிலையான சட்டமாக்கியிருந்தது. மாநிலங்கள் பின்பற்ற ஒரு மாதிரிச் சட்டம் 1981-இல் வந்தது. சட்டம் கைக்கு வந்துவிட்டது, அதைக் கையாளத் தெரிந்தவர்கள் சிலரே. வருமான வரித்துறையில் இருந்தபோது இதற்கான விதிகளை எழுதிய ஸ்டீபன் ஸ்மால், வெளியே வந்தபின் அந்தச் சட்டத்தை விளக்கி ஒரு நூல் எழுதினார். லேண்ட் டிரஸ்ட் எக்ஸ்சேஞ்ச் அதை வெளியிட்டது. 1988-இல் ஈஸ்மென்ட் கையேடு ஒன்றும் வந்தது. அதுவரை பெருநகர வழக்கறிஞர்களின் மேசையில் மட்டும் இருந்த அறிவு, சிற்றூர்த் தொண்டரின் சமையலறை மேசைக்கு வந்தது.

1987 முதல் 2002 வரை இந்த நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் ஜீன் ஹாக்கர். வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோலில் ஓர் அறக்கட்டளையை நடத்திப் பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் களத்தின் வலி தெரியும். அவர் காலத்தில்தான், 1989-இல், ‘ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் பிராக்டிஸஸ்’ என்ற நெறிமுறைகள் வெளியாயின. நிலம் வாங்குமுன் பட்டா பார்ப்பது, வாரிய உறுப்பினரின் சொந்த நலன் குறுக்கே வராமல் பார்ப்பது, கணக்கை ஒளிக்காமல் வைப்பது என்று அதில் இருப்பவை கேட்க எளியவை. நல்லெண்ணத்தோடு தொடங்கிய பொதுக்காரியங்கள் சறுக்குவது இந்த எளிய இடங்களில்தான் என்பதை ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பாரம் பத்திரத்தில் இருக்கும் ஒரு சொல். வரிச்சலுகை வேண்டுமென்றால் ஈஸ்மென்ட் என்றென்றைக்குமானதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் கோயில் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவல்’ என்று வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கல்லில் வெட்டிவிடலாம், காகிதத்தில் எழுதிப் பதிந்துவிடலாம். அந்த வாக்கைக் காப்பாற்ற ஒவ்வோர் ஆண்டும் யாராவது அந்த நிலத்துக்கு நடந்துபோக வேண்டுமே. எழுதிக் கொடுத்தவர் இருக்கும்வரை தொல்லை குறைவு. அவர் போய், நிலம் கைமாறி, பத்திரத்தையே படிக்காத ஒருவர் வந்து குடியேறும்போதுதான் சோதனை தொடங்கும். அலையன்ஸின் பயிற்சி வகுப்புகளில் பெரும்பங்கு இந்த ஒரு சோதனைக்கான தயாரிப்பு என்றே சொல்வேன்.

நான் முதன்முதலில் போன வகுப்பு அதற்கானது. பாதி நாள் அறைக்குள், பாதி நாள் காட்டுக்குள். சொல்லிக் கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. முழங்கால் வரை ரப்பர் காலணி, கழுத்தில் திசைகாட்டி, கையில் தடித்த கோப்பு. கோப்பை விரித்து, பேஸ்லைன் என்கிற முதல்நிலைப் பதிவேட்டைக் காட்டினார். ஈஸ்மென்ட் எழுதிய நாளில் நிலம் எப்படி இருந்ததோ அதன் சாட்சி அது. எந்த மூலையில் எந்தக் கம்பி, கல்வேலி எங்கே திரும்புகிறது, கொட்டகை எத்தனை அடி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நின்ற இடம், பார்த்த திசை, தேதி, எடுத்தவர் கையொப்பம். பிறகு திசை எழுதாத ஒரு படத்தை எடுத்து வைத்தார். நல்ல வெளிச்சத்தில் எடுத்த அழகான படம். “இது எங்கே என்று சொல்லுங்கள்” என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. நீதிமன்றத்திலும் யாராலும் சொல்ல முடியாது என்றார்.

பிற்பகல் எல்லையைச் சுற்றி நடந்தோம். அத்துமீறல் என்றால் புல்டோசர் வரும் என்று நான் நினைத்திருந்தேன். கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டார் வெட்டிய புல்லை வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டிவைத்த குவியல். அதற்குப் பத்தடி தள்ளி, பிள்ளைகளுக்கென்று மரத்தில் கட்டிய பலகை வீடு. அந்த அம்மா படம் எடுத்தார், தூரம் அளந்தார், குறித்துக்கொண்டார். பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஆப்பிள் மரம் எப்படிக் காய்த்தது என்று பேச்சைத் தொடங்கினார். எல்லை எங்கே என்பது கடைசியில்தான் வந்தது. அவர்களுக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. பத்து நிமிடப் பேச்சில் தீர்ந்தது. பத்தாண்டு யாரும் போகாமல் விட்டிருந்தால் வழக்காகியிருக்கும்.

வழக்கும் வரத்தான் செய்கிறது. நூறு உறுப்பினர் உள்ள ஊர்க்குழு ஒரு பணக்கார நிலக்காரரோடு நீதிமன்றத்தில் மோதினால் செலவிலேயே செத்துவிடும். இதற்காக 2013-இல் டெராஃபர்மா என்ற காப்பீட்டு அமைப்பு செயல்படத் தொடங்கியது. அறக்கட்டளைகளே கூட்டுச் சொந்தக்காரர்களாக இருந்து, வழக்குச் செலவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இதற்கு முன்பே, 2006-இல், தரச்சான்று ஆணையம் ஒன்றை அலையன்ஸ் நிறுவியிருந்தது. முதல் சான்றுகள் 2008-இல் கிடைத்தன; ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்று 450-க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் சான்று பெற்றவை. எங்கள் ஊர்க் குழுவைப் போன்ற சிறு குழுக்களுக்கு அந்த விண்ணப்பம் பெரிய சுமை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுமையைச் சுமந்தபோதுதான் பல குழுக்களின் பேஸ்லைன் ஏடுகள் முழுமையாயின.

வரிச்சலுகையைக் காசாக்க வந்தவர்களையும் இந்த வரலாற்றில் விட்டுவிடக் கூடாது. 2006-இல் சலுகை கூடியது; 2015-இல் அது நிலையாயிற்று. விவசாயிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் சில தரகர்கள் முதலீட்டாளர்களைக் கூட்டாகச் சேர்த்து, மலிவாக வாங்கிய நிலத்துக்குப் பல மடங்கு மதிப்புப் போட்டு, ஈஸ்மென்ட் கொடுத்ததாகக் காட்டி வரியைத் தட்டிக் கழித்தார்கள். அலையன்ஸ் அவர்களுக்கு எதிராக நின்று, சட்டத் திருத்தம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியது. போட்ட முதலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இத்தகைய கூட்டுகள் கழிவு கோர முடியாது என்ற சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. தன் துறைக்குக் கிடைத்த சலுகைக்குத் தானே கடிவாளம் கேட்ட அமைப்பு என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

2020 இறுதிக் கணக்கின்படி நாடு முழுவதும் இந்த அறக்கட்டளைகள் காத்திருக்கும் நிலம் 6 கோடியே 10 இலட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 3 கோடியே 20 இலட்சம் ஏக்கர் என்பதோடு வைத்துப் பார்த்தால் அளவு விளங்கும். அத்தனையும் துண்டு துண்டாக, குடும்பம் குடும்பமாகப் பேசிச் சேர்த்தது.

நம் வட்டாரத்தில் கற்க விரும்புகிறவர்களுக்கு வழி நிறைய இருக்கிறது. மாசசூசெட்ஸ் நில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பு ஆண்டுதோறும் வசந்தத் தொடக்கத்தில் ஒருநாள் மாநாடு நடத்துகிறது. புதியவர்களுக்கென்றே அமர்வுகள் உண்டு. ரேலி என்ற தேசிய மாநாட்டை அலையன்ஸ் ஆண்டுக்கு ஓர் ஊரில் வைக்கிறது. வகுப்புகளோடு களப்பயணமும் சேர்ந்தது. பீட்டர்ஷாம் ஊரில் உள்ள ஹார்வர்ட் காட்டில் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் கீஸ்டோன் பயிற்சியும் நல்லது. கற்றதை ஊருக்குத் திரும்பிப் போய்த் தொண்டாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே உடன்பாடு. கணக்கு எழுதத் தெரிந்தவர், வரைபட மென்பொருள் தெரிந்தவர், பத்திரம் படிக்கத் தெரிந்தவர் எல்லோரும் இந்த வேலைக்கு வேண்டும். நம்மிடையே இவர்களுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் ஊர்க் குழுவின் ஆண்டு நடை இலை உதிர்ந்தபின் நவம்பரில். வடகிழக்கு மூலையின் இரும்புக் கம்பி மூன்றாண்டுகளாகக் கண்ணில் படவில்லை. சரிந்த கல்வேலிக்கும் சதுப்புக்கும் நடுவில் எங்கோ இலைக்கு அடியில் இருக்கிறது. பேஸ்லைன் ஏட்டில் அதன் படம் இருக்கிறது, நின்ற இடமும் திசையும் எழுதி. ஈரம் தாங்கும் காலணியோடு யார் வந்தாலும் சேர்ந்து தேடலாம்.