வேதமும் பேரேடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிறிஸ்தவ சபைகளின் ஆதரவில் நடந்துவரும் சிறிய கலாசாலைகள் பலவற்றில், இளங்கலை மாணவர் ஒருவர் வேதாகமத்தையும், விடுதியில் அவருக்கு அடுத்த அறையில் வசிக்கும் மற்றொருவர் வணிக நிர்வாகத்தையும் சிறப்புப் பாடமாகப் பயில்வதைக் காணலாம். ஒன்று பரலோகத்தை நோக்கியது, மற்றொன்று கடைவீதியை நோக்கியது, இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர் உண்டு. ஆனால் அந்நாட்டு உயர்கல்வியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து நோக்குவோமானால், இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்து, இடையில் பிரிந்து, மீண்டும் சந்தித்தவை என்பது விளங்கும்.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுச் சபை 1636-ஆம் ஆண்டில் ஒரு கலாசாலைக்காகப் பொருள் ஒதுக்கியபோது, கடல் கடந்து வந்த தலைமுறையின் கற்றறிந்த போதகர்கள் மறைந்த பின்னர், கல்லாதவர்களின் கையில் சபைகளை ஒப்புவிக்க நேருமோ என்ற கவலையே அவர்களுடைய உள்ளத்தில் மேலோங்கி நின்றது. 1638-இல் காலமான ஜான் ஹார்வர்ட் என்னும் இளம் போதகர், தம் சொத்தில் பாதியையும் சுமார் நானூறு நூல்களையும் அதற்கு எழுதிவைத்தமையால், அவர் பெயரே அதற்கு நிலைத்தது. முதல் தலைவரான ஹென்றி டன்ஸ்டரின் காலத்திலேயே எபிரேயமும் அரமேயமும் சீரியமும் அங்கே போதிக்கப்பட்டன. பிற்காலத்தில் 1722 முதல் 1760 வரை எபிரேயம் கற்பித்த ஜூடா மோனிஸ், 1735-இல் அம்மொழிக்கு ஓர் இலக்கணமும் அச்சிட்டு வெளியிட்டார். போதகர் ஆகப் போகிறவனுக்கு ஒரு பாடம், வியாபாரி ஆகப் போகிறவனுக்கு ஒரு பாடம் என்ற பாகுபாடு அந்நாளில் இல்லை. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து அதே வேதமொழிகளின் வினைச்சொற்களை உருப்போட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கனெக்டிகட் குடியேற்றத்தில் 1701-இல் போதகர்கள் முன்னின்று தொடங்கிய கலாசாலை, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் பொருளின்றித் தவித்த காலத்தில், பாஸ்டன் நகரத்துப் போதகரான காட்டன் மேதர் லண்டனில் வசித்த ஒரு செல்வருக்குக் கடிதம் எழுதி, உதவினால் கலாசாலைக்கு அவர் பெயரே சூட்டப்படலாம் என்று குறிப்பித்தார். அச்செல்வர் எலைஹு யேல். கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். 1680-இல் பிரதிஷ்டையான கோட்டைப் புனித மேரி ஆலயத்தின் பதிவேட்டில் முதல் விவாகமாகப் பதிவானது அவருடையதே. அவர் 1718-இல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கில் பருத்தித் துணியும் மஸ்லினும் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் அரசரின் படமும் உடன் வந்தன. கலாசாலையும் யேல் கலாசாலை ஆயிற்று. ஆனால் அந்தச் செல்வத்தின் ஊற்று சென்னை வியாபாரமே என்பதையும், சொந்த லாபத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு இடையே அவர் பதவி இழந்தார் என்பதையும், அவருடைய நிர்வாகத்தில் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. வேதம் பயிற்றும் வித்தியாசாலைக்கு வியாபாரம் சோறிட்டது. ஆனால் அந்த வியாபாரத்தின் தர்மாதர்மங்களை அந்த வித்தியாசாலை விசாரிக்கவில்லை. இரு கல்விகளும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டியதன் அவசியத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

அவசியம் அறிந்து அவற்றை இணைத்துக் காட்டியவர்களும் பின்னர் தோன்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலாசாலைத் தலைவரே கடைசி ஆண்டு மாணவர்களுக்கு நீதி சாஸ்திரம் போதிப்பது வழக்கம். அவர் பெரும்பாலும் போதகராகவே இருப்பார். பிரவுன் கலாசாலையின் தலைவராக 1827 முதல் 1855 வரை விளங்கிய பிரான்சிஸ் வேலண்ட், பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1835-இல் நீதி சாஸ்திரத்துக்கும், 1837-இல் பொருளாதார சாஸ்திரத்துக்கும் அவர் இயற்றிய பாடநூல்கள் இரண்டும் நாடெங்கும் பிரசித்தி பெற்றன. உற்பத்தியையும் மூலதனத்தையும் விளக்கிய அதே ஆசிரியர், மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளுதல் அதர்மம் என்றும் கற்பித்தார் என்பதே அக்காலத்துக் கல்வியின் பெருமை.

அந்த ஒருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. குருத்துவப் பயிற்சி, 1808-இல் திறக்கப்பட்ட ஆண்டோவர் இறையியல் கல்லூரி போன்ற தனி ஸ்தாபனங்களுக்குப் பெயர்ந்தது. கணக்குப் பயிற்சியோ வியாபாரிகளின் கிட்டங்கிகளிலும், அழகெழுத்தும் பேரேடும் கற்பித்த தனியார் பள்ளிகளிலும் நடந்துவந்தது. அப்பயிற்சி போதாதெனக் கண்ட நிக்கல் உற்பத்தியாளர் ஜோசப் வார்ட்டன் 1881-இல் ஒரு லட்சம் டாலர் அளிக்க, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் முதல் வணிகக் கல்லூரி பிறந்தது. குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், பிறருக்குச் சேவை செய்து பொருளீட்டாமல் பிறரிடமிருந்து பொருளைப் பறிக்க முற்படுவது ஒழுக்கக்கேடென்று மாணவர்களுக்குப் போதிக்க வேண்டும் எனத் தம் திட்டத்திலேயே விதித்தார். அதே பத்தாண்டில், செருப்புக் கடை விற்பனையாளராக வாழ்க்கையைத் தொடங்கி சுவிசேஷகராகப் புகழ்பெற்ற மூடி என்பவர், சிகாகோவில் வேதாகமப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். இவ்வாறு இரண்டு கல்விகளும் வேறுவேறு வாசல்களை நாடின.

இரண்டையும் ஒரே சர்வகலாசாலையில் மீண்டும் குடியேற்றியவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர். பதினெட்டு வயதில் யேலில் முனைவர் பட்டம் பெற்ற இந்த எபிரேயப் பண்டிதர், ராக்பெல்லரின் பொருளுதவியால் எழுந்த சிகாகோ சர்வகலாசாலையின் முதல் தலைவரானார். குருமார்களுக்கு மட்டுமன்றிச் சாதாரண மாணவர்களுக்கும் வேதாகமத்தை ஆராய்ச்சி முறையில் கற்பிக்க வேண்டும் என்று பாடுபட்ட அவருடைய தலைமையிலேயே 1898-இல் அங்கு வணிகக் கல்லூரியும் தொடங்கியது. 1909-இல் வேதாகம ஆசிரியர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

பிறகு வணிகப் படிப்பு வெள்ளம்போல் பெருகிற்று. 1959-இல் போர்டு, கார்னெகி ஸ்தாபனங்களின் ஆதரவில் வெளியான இரண்டு அறிக்கைகள், அது வெறும் தொழிற்பயிற்சியாகக் குறுகிவிட்டதென்றும், விரிந்த கலைக்கல்வியின்மேல் அதனை அமைக்க வேண்டுமென்றும் கண்டித்துரைத்தன. வேதாகமப் பயிற்சி நிலையங்கள் பலவும் காலப்போக்கில் பட்டமளிக்கும் கலாசாலைகளாகி, பிழைப்புக்கு வழி தேடிவந்த மாணவர்களுக்காக வணிக நிர்வாகத்தையும் சேர்த்துக்கொண்டன.

ஆயினும் பாடத்திட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுவதால் மட்டும் அவை ஒன்றாகிவிடமாட்டா. ஐந்தொகை தயாரிக்கப் பழகும் மாணவன், ஏழைகளுக்கு மரக்காலைக் குறைத்து விற்ற வணிகரைக் கண்டித்த தீர்க்கதரிசி ஆமோஸையும், கள்ளத் தராசை விலக்கிய லேவியராகமத்தையும் தன் தொழிலைப் பற்றிய நூல்களாகவே பயில வேண்டும். நாளை ஒரு சபையின் காணிக்கைப் பணத்துக்குப் பொறுப்பேற்கப் போகும் வேதாகம மாணவனும், பற்று எது வரவு எது என்று அறியாதிருத்தல் பக்திக்கு அடையாளமன்று எனக் கற்க வேண்டும். வேலண்ட் கொண்டிருந்த நோக்கமும் வார்ட்டன் எழுதிவைத்த விதியும் இதுவே. ஒன்பது பொதிச் சரக்கை வாங்கிக்கொண்டபோது எழுப்பப்படாத கேள்வியை, இனிக் கலாசாலைகள் தம் வகுப்பறையில் நாள்தோறும் எழுப்புமானால், இவ்விரு பாடங்களும் ஓரிடத்தில் வாழ்வதற்கு அதைவிடச் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.