நாட்பட்ட நோயில் உடலியக்கம்: அளவும் வரம்பும்

1. ஆய்வுப் பொருள்

உடற்பயிற்சியும் மருந்துதான். நோயறிந்து, அளவறிந்து கொடுக்காவிட்டால் எந்த மருந்தும் கெடுதல் செய்யும். ஓய்வு கெடுத்த நோய் ஒன்று, பயிற்சி கெடுத்த நோய் ஒன்று என இரண்டை எதிரெதிரே வைத்து இதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஓய்வு கெடுத்த நோய்: மாரடைப்பு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதே வழக்கம். அந்தப் படுக்கையே சிலருக்கு எமனாயிற்று: கால் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியது. 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் இருவரும் நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கும் முறையை முன்வைத்தனர். இன்று படிப்படியான பயிற்சியே இதய மறுவாழ்வின் அடித்தளம்.

3. பயிற்சி கெடுத்த நோய்: நாட்பட்ட களைப்பு நோய்

3.1 வாதம்: மாரடைப்பில் பலித்த படிப்படியான பயிற்சி நாட்பட்ட களைப்பு நோய்க்கும் பொருந்தும் என்று கருதப்பட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்' 2007இல் அதைப் பரிந்துரைத்தது. 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட, 641 பேர் பங்கேற்ற 'பேஸ்' ஆய்வும் அதை ஆதரித்தது.

3.2 மறுப்பு: அந்த ஆய்வில் சேர, உடலியக்க மதிப்பெண் 100க்கு 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குணமடைந்ததற்கான அளவுகோல்களுள் ஒன்றோ 60. ஆக, 65இலிருந்து 60க்குச் சரிந்தவரும் அந்த அளவுகோலில் தேறிவிடுவார். கடும் விமர்சனங்களுக்குப் பின், 2021இல் 'நைஸ்' அப்பயிற்சியை அளிக்கக் கூடாது என்றது.

3.3 காரணம்: இந்நோயின் அடையாளம் உழைப்புக்குப் பிந்தைய நலிவு. உழைத்த அன்று ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் சரியும். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் அது நீடிக்கும். நீடித்த கோவிட் நோயாளிகள் பலரிடமும் இது காணப்படுகிறது.

4. நடைமுறை

4.1 களைப்பென்று வருபவருக்கு முதல் சந்திப்பிலேயே பயிற்சி கொடுப்பதைத் தவிர்த்து, அன்றாட வேலைக்குப் பின் இரண்டு நாள் உடல்நிலையைக் கேட்டறிவது இயன்முறை மருத்துவரின் முதற்கடமை.

4.2 நலிவு உள்ளவருக்கு வேலையைத் துண்டாக்கித் தர வேண்டும். தலைக்குக் குளிப்பதையே எடுத்துக்கொள்வோம்: ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கலாம், கையை வெகுநேரம் உயர்த்தித் தேய்க்காமல் இடையிடையே இறக்கிக்கொள்ளலாம், குளித்ததும் படுத்துவிடலாம். அன்றைக்குச் சமையல் வேண்டாம். உடம்பு தேவலை என்று தோன்றும் நாளிலும் வரம்பைத் தாண்டக் கூடாது.

4.3 அசைவே கூடாது என்பதல்ல இதன் பொருள். படுக்கையிலேயே இருப்பவருக்கு மூட்டு இறுகும்; புண் வரும். தாங்கும் அளவுக்குள் கைகால்களை மெல்ல அசைத்துவிடுவதும், படுக்கும் நிலையை மாற்றுவதும் அவருக்குத் தேவை.

5. முடிவு

'தினமும் கொஞ்சம் நடங்க' என்ற அறிவுரையை எல்லோருக்கும் ஒரே சீட்டில் எழுதித் தர முடியாது. எத்தனை நிமிடம், எப்போது நிறுத்துவது, மறுநாள் சரிந்தால் எவ்வளவு குறைப்பது என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். பயிற்சி நேரத்து மூச்சும் நாடித்துடிப்பும் பாதி விடைதான். மீதியை மறுநாள் உடம்புதான் சொல்லும்.