வெளியேறியவர்களின் பேரேடு

இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததில் தொடங்கியது இந்தத் தேடல். முதல் எண் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. சில நாட்களிலேயே பேராசிரியர் ஜெஃப்ரி சோனன்ஃபெல்டின் குழு, ரஷ்யாவை விட்டுக் கிளம்பும் கம்பெனிகளைப் பட்டியல் போட ஆரம்பித்தது. முதலில் சில டஜன் பெயர்களே இருந்தன. பிறகு மடமடவென வளர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது எண் சுவிட்சர்லாந்திலிருந்து. சென்ட் காலென் பல்கலைக்கழகத்தின் சைமன் எவெனெட்டும், லொசான் நகரில் உள்ள ஐஎம்டி மேலாண்மைப் பள்ளியின் நிக்கோலோ பிசானியும் அதே ஆண்டு இறுதியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஜி7 நாடுகளையும் சேர்ந்த 1,404 கம்பெனிகளுக்கு ரஷ்யாவில் 2,405 துணை நிறுவனங்கள் இருந்தன; நவம்பர் கடைசிவரை அவற்றில் ஒன்றையாவது விற்றவர்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது அந்த ஆய்வு.

ஆயிரம் பேர் கிளம்பிவிட்டார்கள் என்கிறார் ஒருவர். பத்தில் ஒருவர்கூடக் கிளம்பவில்லை என்கிறார் இன்னொருவர். இரு தரப்பும் ஊடகங்களில் மோதிக்கொண்டன. பெயருக்கு ஐரோப்பாவில் பதிவு செய்துகொண்ட ரஷ்யக் கம்பெனிகளும் சுவிஸ் பட்டியலில் கலந்திருக்கின்றன என்றது யேல். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. ஒரு கம்பெனி போய்விட்டது என்று எந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்வது? அதைத்தான் தேடினேன்.

யேல் பட்டியலை முதலில் பிரித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போல ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். முழுதாக வெளியேறியவர்களுக்கு ஏ. வேலையை நிறுத்திவைத்தவர்களுக்கு பி. கொஞ்சம் குறைத்துக்கொண்டவர்களுக்கு சி. காலம் கடத்துகிறவர்களுக்கு டி. அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எஃப். பெரும்பாலும் கம்பெனிகளின் அறிவிப்புகளை வைத்துப் போட்ட மதிப்பெண் இது. சுவிஸ் ஆய்வோ ஓர்பிஸ் என்ற வணிகத் தரவுத்தளத்தில் உரிமையாளர் யார் என்று மட்டுமே பார்த்தது. நம் ஊரில் வீட்டை விற்றாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டவர் பெயரிலேயே பட்டா கிடப்பதில்லையா? ஒரு தரப்பு ஊர்ப்பேச்சை எண்ணியது, இன்னொரு தரப்பு பட்டாவை எண்ணியது. இரண்டு எண்களும் எப்படி ஒரே நேரத்தில் சாத்தியம் என்பது இவ்வளவில் விளங்கிவிட்டது. ஆனால் பட்டாவை நம்பலாமா?

ரஷ்யாவின் பட்டா, அந்நாட்டு வரித் துறை நடத்தும் சட்டபூர்வ நிறுவனங்களின் பதிவேடு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 10 இலக்க வரி எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டும். 77 என்றால் மாஸ்கோ, 78 என்றால் சென்ட் பீட்டர்ஸ்பர்க். பெயரை மாற்றினாலும் முதலாளி மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. துப்பறிகிறவனுக்கு இதைவிட நல்ல கைரேகை கிடைக்காது. பொருளாதாரத் தடைப் பட்டியல்களைத் தொடர்கிறவர்களும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ரஷ்யப் பெயர் ஒன்றை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். வரி எண்ணை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். அமெரிக்கக் கருவூலத்தின் ஓஃபாக் அலுவலகம் தன் தடைப் பட்டியலில் பல பெயர்களின் பக்கத்தில் இந்த எண்ணையும் அச்சிடுகிறது. அந்த அலுவலகத்துக்கு ஒரு விதியும் உண்டு. தடைக்குள்ளானவர்கள் 50 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் தடைக்குள் வந்துவிடும். ஆக, பங்குக் கணக்கைத் தோண்டாமல் தடைப் பட்டியலைப் படித்துப் புண்ணியமில்லை.

மெக்டொனால்ட்ஸில் இந்த வழி சுத்தமாக வேலை செய்தது. 1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் கடை திறந்த கம்பெனி, 2022 மார்ச்சில் சுமார் 850 உணவகங்களை மூடுவதாக அறிவித்து, மே மாதம் விற்றுவிடப்போவதாகச் சொன்னது. சைபீரியாவில் அதன் உரிமம் பெற்றுக் கடைகள் நடத்திவந்த அலெக்சாண்டர் கோவர் வாங்கினார். ஜூன் 12 அன்று புதுப் பெயரில் கடைகள் திறந்தன. பதிவேட்டில் ‘மெக்டொனால்ட்ஸ்’ என்ற நிறுவனம் ‘சிஸ்டெமா பிபிஓ’ ஆகிவிட்டது. எண் அதேதான். அறிவிப்பும் பட்டாவும் ஒத்துப்போகும் அபூர்வமான வழக்கு.

ஹைனிகென் பீர் கம்பெனியின் கோப்பு இவ்வளவு நேராகப் போகவில்லை. 2022 மார்ச் 28 அன்று வெளியேறுவதாக அறிவித்தது. அந்த ஆண்டே அதன் ரஷ்யக் கிளை 61 புதிய சரக்குகளைச் சந்தையில் இறக்கியதை நெதர்லாந்தின் புலனாய்வுச் செய்தியாளர்கள் 2023 தொடக்கத்தில் வெளிக்கொண்டுவந்தார்கள். கடைசியில் 2023 ஆகஸ்டில் ஏழு ஆலைகளையும் ஒரே ஒரு யூரோவுக்குக் கொடுத்துவிட்டு, 30 கோடி யூரோ நட்டம் எழுதியது. வாங்கியது ஆர்னெஸ்ட் என்ற குழுமம், தலைமுடிக்கும் உடம்புக்கும் அடிக்கிற ஸ்ப்ரே டப்பா தயாரிப்பில் பேர்போனது. ஸ்ப்ரேக்காரருக்கு பீர் எதற்கு என்று பின்னோக்கிப் போனால், 2022-இல் அமெரிக்காவின் ‘பால்’ (Ball) கம்பெனியிடமிருந்து ரஷ்யாவின் அலுமினிய டின் ஆலைகளை 53 கோடி டாலருக்கு அதே ஆர்னெஸ்ட் வாங்கியிருப்பது தெரிகிறது. முதலில் டின், பிறகு டின்னுக்குள் ஊற்றுவது. ஒரே ஆண்டு இடைவெளியில் 53 கோடி டாலருக்கும் ஒரு யூரோவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது தாமதித்தவர் கொடுத்த விலையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் வாசல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போனது. ‘நட்பற்ற நாடுகள்’ என்று மாஸ்கோ பட்டியலிட்ட நாடுகளின் கம்பெனிகள் எதை விற்கவும் அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். 2022 டிசம்பரில் வந்த விதிப்படி மதிப்பில் பாதியாவது தள்ளுபடி தரவேண்டும். அதற்கு மேல் கருவூலத்துக்கு 10 விழுக்காடு ‘தன்னார்வப் பங்களிப்பு’. 2023-இல் அது 15 ஆனது. 2024 அக்டோபரில் தள்ளுபடி 60, பங்களிப்பு 35. இதில் தன்னார்வம் எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கோப்பிலும் காணோம்.

பட்டாவும் பொய் சொல்லும் என்பதைக் காட்டியது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க். ரஷ்யாவின் பெரிய பீர் கம்பெனியான பால்டிகா அப்போது அதனுடையதாக இருந்தது. 2023 ஜூனில் விற்பனை ஒப்பந்தம் ஆகிவிட்டதாக அறிவித்தது. ஜூலை 16 அன்று புடின் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு பால்டிகாவையும், பிரான்சின் டானோன் கம்பெனியின் ரஷ்யக் கிளையையும் அரசின் ‘தற்காலிக நிர்வாகத்தில்’ வைத்தார். டானோனின் ரஷ்யக் கிளைக்குத் தலைவராக வந்தவர் செச்சென் தலைவர் கதீரவின் உறவினரான யாக்கூப் சக்ரியேவ். சட்டப்படி பால்டிகாவின் உரிமை டென்மார்க்காரருடையது, சாவி வேறொருவரிடம். தங்கள் தொழிலைத் திருடிவிட்டார்கள் என்று கார்ல்ஸ்பெர்க் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், பால்டிகாவின் ஊழியர்கள் இருவருக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு விற்று முடித்தது. இடைப்பட்ட காலத்தில் பால்டிகாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? போனவர்களிலா, இருந்தவர்களிலா?

இதற்கிடையே பதிவேடே திரை போட்டுக்கொண்டது. தடைக்கு அஞ்சும் நிறுவனங்கள் தங்கள் விவரங்களை மறைத்துக்கொள்ளலாம் என்று 2022 மார்ச்சிலேயே ரஷ்ய அரசு அனுமதித்திருந்தது. உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தகவல் கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற வரி வர ஆரம்பித்தது. அப்புறம் தாய்க் கம்பெனியின் ஆண்டறிக்கைதான் கதி. செய்திக்குறிப்பில் அலங்காரமாக எழுதலாம். தணிக்கையாளர் கையெழுத்திடும் அடிக்குறிப்பில் அவ்வளவு எளிதல்ல. கம்பெனி தன் இணையப் பக்கத்தை மாற்றிவிட்டால், இன்டர்நெட் ஆர்கைவ் சேமித்து வைத்த பழைய பிரதி உதவும். கீவ் பொருளியல் பள்ளியின் பட்டியல் இவற்றையெல்லாம் பதிவேட்டோடு ஒப்பிட்டு, போனவர்களையும் போய்க்கொண்டிருப்பவர்களையும் வேறுவேறாக வைக்கிறது. நான் அதிகம் நம்புவது அதைத்தான்.

ரெனோவுக்கு வருகிறேன். நமக்கு ஒரகடத்துக் கார் ஆலையால் பழகிய பெயர். 2022 மே மாதம் லாடா கார் செய்யும் அவ்டோவாஸில் இருந்த தன் 67.69 விழுக்காட்டுப் பங்கை, நாமி என்ற அரசு ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு ரூபிளுக்குக் கொடுத்தது. மாஸ்கோ ஆலை நகராட்சிக்குப் போனது. அங்கே சோவியத் காலத்து ‘மாஸ்க்விச்’ பெயரில் மறுபடியும் கார் வந்தது. உள்ளே இருந்தது சீனாவின் ஜேஏசி கம்பெனியின் கார். வெளியேறிய கணக்கு இதோடு முடிந்ததா என்றால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆறு ஆண்டுக்குள் அவ்டோவாஸ் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நிஸ்ஸானுக்கும் ஆறு ஆண்டு. மெக்டொனால்ட்ஸுக்குப் 15. ஹூண்டாய் 10,000 ரூபிளுக்கு விற்றபோது வைத்துக்கொண்டது இரண்டு ஆண்டு.

இந்தியாவின் பெயரும் இந்தப் பேரேட்டில் உண்டு, எதிர்ப்பக்கத்தில். ரஷ்யாவின் சகாலின்-1 எண்ணெய் வயலில் அமெரிக்காவின் எக்ஸானுக்கு 30 விழுக்காடு, நம் பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷுக்கு 20 விழுக்காடு இருந்தது. எக்ஸான் 2022 மார்ச்சில் கிளம்புவதாக அறிவித்தது. அக்டோபரில் புடின் ஆணையால் திட்டம் புதிய ரஷ்ய நிறுவனத்தின் கைக்குப் போனபோது, எக்ஸான் வெறுங்கையோடு வெளியேறியது. ஓஎன்ஜிசி தன் பங்கைத் தக்கவைத்துக்கொண்டது, அதில் பங்கு வைத்திருந்த ஜப்பானியரும்தான். ரஷ்யாமீது தடை போட்ட ஜி7-இல் ஜப்பானும் ஒன்று என்பது நினைவிருக்கட்டும்.

என் பேரேட்டில் இப்போது நான்கு பத்திகள்: அறிவித்த நாள், பதிவேட்டில் உரிமை மாறிய நாள், கட்டுப்பாடு கைமாறிய நாள், திரும்பி வரும் உரிமை முடியும் நாள். நான்கும் நிரம்பிய வரிகள் குறைவு. மிகச் சங்கடமான வரி பிரிட்டனின் எண்ணெய்க் கம்பெனியான பிபி உடையது. போர் தொடங்கிய நாலாவது நாளே, பிப்ரவரி 27 அன்று, ரஷ்ய எண்ணெய்க் கம்பெனியான ரோஸ்னெஃப்டில் இருந்த 19.75 விழுக்காட்டை விட்டு வெளியேறுவதாக அறிவித்து, 2,400 கோடி டாலருக்கு மேல் நட்டம் எழுதியது. பெரிய கம்பெனிகளில் முந்திக்கொண்டது அதுதான். பங்கை விற்கத்தான் வழி பிறக்கவில்லை. ரோஸ்னெஃப்ட் அறிவிக்கும் ஈவுத்தொகை, பிபி தொட முடியாத கணக்கில் சேர்கிறது. அதன் முதல் பத்தியில் தேதி இருக்கிறது. மற்ற மூன்றும் காலி.