ஆப்பிள்கிராஸ்: ஸ்காட்லாந்தின் ஒரு கடலோரச் சிற்றூர்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில், வெஸ்டர் ராஸ் பிரதேசத்தில், ராசே, ஸ்கை ஆகிய தீவுகளை எதிர்நோக்கி நிற்கும் ஒரு தீபகற்பத்துக்கும், அதன் மேற்குக் கரையில் விரிகுடாவை ஒட்டி வெள்ளைச் சுவர் வீடுகள் ஒரே வரிசையாக அமைந்த சிற்றூருக்கும் பொதுவாக வழங்கும் பெயர் ஆப்பிள்கிராஸ். கடற்கரை நெடுகச் சிதறிக் கிடக்கும் காமஸ்டீல், காமஸ்டெரக், தோஸ்கெய்க் முதலிய குடியிருப்புகளையெல்லாம் சேர்த்தாலும் ஜனத்தொகை இருநூற்றைச் சற்றே தாண்டும். இத்தனை சிறிய சமூகம் தபால், வைத்தியம், கல்வி, மின்சாரம், பெட்ரோல் என்னும் சாதாரண சௌகரியங்களை எவ்வாறு பெற்றது என்பதும், பெற்றவற்றைக் கைநழுவ விடாமல் எவ்வாறு காத்துவருகிறது என்பதும் அவ்வூரின் சரித்திரத்தில் மிகவும் கவனத்துக்குரியவை.

ஊரின் பழமை பெரிது. அயர்லாந்தின் பேங்கர் மடத்திலிருந்து வந்த மேல்ருபா என்னும் துறவி 673ஆம் ஆண்டில் இங்கே ஒரு மடாலயம் நிறுவினார். மடத்தைச் சுற்றி ஆறு மைல் வரையில் உள்ள பூமி, அடைக்கலம் புகுந்தோரை எவரும் தீண்டலாகாத புண்ணிய பூமியாகக் கருதப்பட்டது என்பர். மடாலயம் மறைந்துவிட்டது, சித்திர வேலைப்பாடு அமைந்த சிலுவைக் கற்களின் சில துண்டங்கள் மட்டும் கிளாக்கன் தேவாலயத்தில் இன்றும் உள்ளன.

ஆப்பிள்கிராஸ் மக்களின் வாழ்வை நிர்ணயித்தது பாதையே. முன்னாளில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற பெலாக் நா பா கணவாய் வழியாக 1822இல் ஒரு சாலை அமைக்கப்பட்டது. கடல் மட்டத்தை ஒட்டிய டோர்னபிரெஸ் என்னுமிடத்தில் தொடங்கி, 2,053 அடி உயரம் வரை, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறும் அச்சாலை, ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க அகலமுடையது. எதிரே வண்டி வந்தால் ஆங்காங்கே அமைத்துள்ள ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். புதிதாக வண்டி ஓட்டப் பழகுவோரும் பெரிய வாகனங்களும் இவ்வழியே செல்லலாகாது என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் கணவாயும் மூடிக்கொள்ளும். அக்காலங்களில் ஊருக்குக் கடலே கதியாயிருந்தது. நீராவிக் கப்பல் விரிகுடாவில் நிற்க, துடுப்புப் படகுகள் சென்று மனிதரையும் மாவு மூட்டைகளையும் தபால் பைகளையும் இறக்கிவந்த நிலை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. ஷீல்டேக்கிலிருந்து கரையோரமாக வரும் இரண்டாவது சாலை 1970களில்தான் பூர்த்தியாயிற்று. அது தூரம் மிகுந்ததாயினும், கணவாய் அடைபட்ட நாளிலும் ஊரை வெளியுலகோடு இணைத்துவைக்கிறது. ஒரு தேசத்தின் விளிம்பில் வாழும் மக்களுக்கு இவ்வளவு சாதாரணமான உதவி இவ்வளவு தாமதித்து வந்தது வருந்தத்தக்கதே.

வைத்திய வசதியில் மட்டும் மலைநாடு மற்றப் பகுதிகளை முந்திக்கொண்டது. ஏழைகளான நோயாளிகள் கட்டணம் செலுத்த இயலாமலும், வைத்தியர்கள் நெடுந்தூரம் அலைந்து வருவாயின்றியும் தவித்த நிலையை 1912இல் டூவர் கமிட்டி ஆராய்ந்து அறிக்கை அளிக்க, மறு ஆண்டே அரசாங்கச் செலவில் மலைநாடு மற்றும் தீவுகளின் வைத்தியச் சேவை ஏற்பட்டது. பிரிட்டன் முழுவதற்குமான தேசிய சுகாதாரச் சேவை தோன்றிய 1948க்கு அது முப்பத்தைந்து ஆண்டுகள் முந்தியது. ஆப்பிள்கிராஸில் ஒரு வைத்திய நிலையம் உண்டு. ஆனால் பெரிய சிகிச்சை எதற்கும் ஏறத்தாழ 80 மைல் தொலைவிலுள்ள இன்வர்னஸ் நகரத்து ரெய்க்மோர் ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும். ஆரம்பப் பள்ளி ஊரிலேயே இருக்கிறது; மேல் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் பிளாக்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஜீவனத்துக்கு ஆதாரம் ஒன்றல்ல, பல. கிராஃப்ட் எனப்படும் சிறு குத்தகை நிலத்தில் ஆடு வளர்ப்பவர், கூடைப் பொறிகளைக் கடலில் இறக்கி இறால் பிடிக்கவும் செய்வார், கோடையில் பயணிகளுக்கு அறையும் வாடகைக்கு விடுவார். அக்குத்தகை உரிமை எளிதில் கிட்டியதன்று. நிலவுடைமையாளர் இஷ்டம்போல் குடியானவரை வெளியேற்றலாகாது என்ற பாதுகாப்பு, பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கடற்கரைத் தெருவில் உள்ள ஆப்பிள்கிராஸ் இன் என்னும் விடுதி, பயணிகளுக்கு உணவும் படுக்கையும் தருவதோடு, ஊரார் மாலையில் கூடிப் பேசும் பொது மண்டபம்போலவும் பயன்படுகிறது.

இவ்வூரை மற்றச் சிற்றூர்களினின்று வேறுபடுத்துவது அதன் கூட்டு முயற்சி. பெட்ரோல் நிலையம் மூடப்படும் நிலை வந்தபோது, அடுத்த நிலையம் மலைக்கு அப்பால் சுமார் 18 மைல் தொலைவில் லாக்கேரனில் இருப்பதை எண்ணிப் பார்த்த மக்கள், ஊர்க் கம்பெனி ஒன்றை நிறுவி அதைத் தாமே ஏற்றனர். அங்கே பணியாள் இல்லை, வருபவர் அட்டையைச் செலுத்தித் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். பொதுக் கழிப்பிடத்தையும் ஊரே பராமரிக்கிறது. மலையோடையின் நீரைக்கொண்டு 90 கிலோவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும் சிறு நிலையமும் பொதுமக்கள் வாங்கிய பங்குகளால் எழுந்ததே.

2015இல் வடகோடியைச் சுற்றிவரும் ஐந்நூறு மைல் பிரயாண மார்க்கம் விளம்பரப்படுத்தப்பட்டதிலிருந்து கோடைக் கூட்டம் பெருகி, வியாபாரம் செழித்தது. குறுகிய சாலைகளில் நெரிசலும் வந்தது. எனினும் அதனினும் கடுமையான குறை வீடு. தீபகற்பத்தின் நிலம் பெரும்பாலும் ஒரே தர்ம ஸ்தாபனத்தின் உடைமை. விற்பனைக்கு வரும் சில வீடுகளையும் வெளியூர்ச் செல்வர் விடுமுறை வாசத்துக்காக அதிக விலை கொடுத்து வாங்கிவிடுவதால், இங்கேயே தொழில் செய்து குடும்பம் நடத்த விரும்பும் இளைஞருக்கு இடம் கிடைப்பது அரிது. அக்குறை தீராதவரையில், இத்தனை பாடுபட்டுப் பெற்ற பள்ளியும் வைத்திய நிலையமும் உறுதியாக நிலைபெற்றுவிட்டன என்று சொல்வதற்கில்லை.