இருபது ஆண்டுக் கடல், முப்பது ஆண்டுப் பேனா

மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். மெஸ் சாம்பாரையும் கல்லூரி டூரையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு மாலுமியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஜோசப் கான்ராட். இலக்கியம் படித்தவர்கள் அவரை ஆங்கில நாவலாசிரியராக அறிவார்கள். என்னைப் போல இரும்புத் தகடுகளோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு அவர் வேறு மாதிரித் தெரிகிறார்.

கான்ராட் ஆங்கிலேயர் அல்ல, போலந்துக்காரர். 1857 டிசம்பர் 3-ஆம் தேதி, அன்று ரஷ்யப் பேரரசின் பிடியிலும் இன்று உக்ரைனிலும் இருக்கும் பெர்டிச்சிவில் பிறந்தார். தந்தை கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ரஷ்ய ஆட்சியை எதிர்த்ததால் 1862-ல் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். குளிரிலும் நோயிலும் தாய் 1865-ல் போனார், தந்தை 1869-ல் போனார். பதினோரு வயதில் அநாதையான பையனைத் தாய்மாமன் வளர்த்தார். பையனோ கடலுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். பதினாறு வயதில், 1874-ல், பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்கு ரயில் ஏறிவிட்டான்.

1878-ல் ஆங்கிலக் கப்பலில் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது. ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. அதையும் கப்பல் தளத்தில்தான் கற்றார். 1880-ல் இரண்டாம் மேட், 1884-ல் முதல் மேட், 1886-ல் கேப்டன் என்று மூன்று பரீட்சையும் தேறினார். இதில் பின்னிரண்டிலும் முதல் தடவை ஃபெயில்! அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் கவனிக்கவும். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தத் தோல்விகளை அவர் மூச்சுகூட விடவில்லை.

நம்ம ஊருக்கும் அவர் வந்திருக்கிறார். 1883-ல் லண்டனில் 'ரிவர்ஸ்டேல்' என்ற பாய்மரக் கப்பலில் இரண்டாம் மேட்டாகச் சேர்ந்து, 1884 ஏப்ரலில் சென்னை வந்து சேர்ந்தார். 1881 நவம்பர் புயலில் சிதைந்த சென்னைத் துறைமுகம் அப்போது இன்னும் முழுமை பெறவில்லை. இங்கே கேப்டனுக்கும் அவருக்கும் தகராறு முற்றி, கப்பலை விட்டு இறங்கினார். விடுப்புச் சான்றிதழில் நடத்தை பற்றிய இடத்தில் நல்ல வார்த்தை எழுதக் கேப்டன் மறுத்துவிட்டார். கான்ராட் ரயில் பிடித்துப் பம்பாய் போய் 'நார்சிஸஸ்' கப்பலில் வேலை தேடிக்கொண்டார். அந்தப் பயணம்தான் 1897-ல் அந்தக் கப்பலின் பெயரைத் தாங்கிய நாவல் ஆனது. சென்னையில் சண்டை வராமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகமே இல்லை!

இனி என் துறைக்கு வருகிறேன். கான்ராடின் எழுத்தில் மூன்று எஞ்சினியரிங் பாடங்கள் இருக்கின்றன.

முதல் பாடம் நிலக்கரி. 'பாலஸ்தீன்' என்ற பழைய கப்பல் பாங்காக்குக்குக் கரி ஏற்றிச் சென்றது. ஈரம் பட்டுக் குவிந்து கிடக்கும் கரி, காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தீப்பிடிக்கும். 1883 மார்ச்சில் சுமத்ரா அருகே அதுதான் நடந்தது. உள்ளே சேர்ந்த வாயு வெடித்துத் தளம் பிளந்தது. மாலுமிகள் படகுகளில் கரை சேர்ந்தார்கள். இதுவே 'யூத்' என்ற கதை ஆயிற்று.

இரண்டாவது பாடம் எடை. நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் தொட்டியில் தகரப் படகை மிதக்கவிட்டு, எடையை நகர்த்தி, மெட்டாசென்ட்ரிக் உயரம் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? ரீடிங்கை அடுத்த பேட்சிடம் வாங்கி எழுதியவர்களுக்கு நினைவிருக்காது! 1887-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ஹைலண்ட் ஃபாரஸ்ட்' என்ற கப்பலுக்குக் கான்ராட்தான் முதல் மேட். கேப்டன் வந்து சேருமுன்பே கடும் குளிரில் தானே சரக்கு ஏற்றினார். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு மேலே, மற்றது கீழே. பொது விதிப்படி அது சரிதான். ஆனால் அந்தக் கப்பலின் குணத்துக்கு அது போதவில்லை. எடை கீழே அதிகமாகிவிட்டது.

எடை கீழே இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். கவிழாது, உண்மை. ஆனால் மெட்டாசென்ட்ரிக் உயரம் கூடக்கூடக் கப்பல் சாய்ந்த மாத்திரத்தில் வெடுக்கென்று நிமிரும். அலைக்கு அலை இந்த வெட்டு ஆட்டத்தைப் பாய்மரங்கள் எத்தனை நாள் தாங்கும்? சிறிய கட்டைகள் சில உடைந்து விழுந்தன. அதில் ஒரு கட்டை கான்ராடின் முதுகிலேயே விழுந்தது. சிங்கப்பூரில் ஆஸ்பத்திரியில் படுத்தார். தான் ஏற்றிய எடையின் விளைவு தன் முதுகிலேயே இறங்கியதை 1906-ல் வந்த 'தி மிரர் ஆஃப் தி ஸீ' நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் கப்பலின் கேப்டன் பெயர்தான் சிறு மாற்றத்தோடு 'டைஃபூன்' கதையின் கேப்டனுக்கு வந்தது.

மூன்றாவது பாடம் தடுப்புச் சுவர். கப்பல்காரர்கள் பல்க்ஹெட் என்பார்கள். 1880-ல் 'ஜெட்டா' என்ற நீராவிக் கப்பல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. புயலில் நீர் புகுந்தது. கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளை அப்படியே விட்டுவிட்டுப் படகில் இறங்கித் தப்பினார்கள். ஏடன் சென்று, கப்பல் மூழ்கிவிட்டது என்றும் சொன்னார்கள். மறுநாளே இன்னொரு கப்பல் 'ஜெட்டா'வைப் பயணிகளோடு ஏடனுக்கே இழுத்து வந்தது! விசாரணையில் கேப்டனின் சான்றிதழ் மூன்றாண்டு பறிக்கப்பட்டது. இதை வைத்துத்தான் 1900-ல் 'லார்ட் ஜிம்' வந்தது. நாவலில் துருப்பிடித்த ஒரு தடுப்புச் சுவர் தண்ணீரின் அழுத்தத்தில் புடைப்பதை ஜிம் விளக்கொளியில் பார்க்கிறான். உடைந்தே தீரும் என்று நம்பிக் குதிக்கிறான். அது உடையவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் குதிப்பு அவனை விடவில்லை.

1912-ல் 'டைட்டானிக்' மூழ்கி ஆயிரத்து ஐந்நூறு பேர் இறந்தபோது, பேனாவை எடுத்தவர்களில் கான்ராடும் ஒருவர். தடுப்புச் சுவர்கள் மேல்தளம் வரை போகவில்லை, ஓர் அறை நிரம்பினால் தண்ணீர் மேலே வழிந்து அடுத்த அறைக்குப் போகும், இதைப் போய் நீர் புகாதது என்பதா என்று கேட்டார். உயிர்ப்படகுகள் 1,178 பேருக்குத்தான். கப்பலில் இருந்ததோ 2,200 பேருக்கு மேல். ஆனால் அன்றைய சட்டப்படி அது போதும்! விதியைக் காட்டித் தப்பித்துக்கொள்வதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்றும் அந்தக் கப்பலோடு மூழ்கிப்போனது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சேமிப்புத் தொட்டியைச் சோதிக்கப் போயிருந்தேன். வெளியே புதுப் பெயிண்ட், பளபளப்பு. கருவி வைத்து அளந்தால் அடித்தகட்டில் பாதி கனத்தைத் துரு தின்றிருந்தது. "பேப்பர்ல எல்லாம் கரெக்டா இருக்கு சார், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். தகட்டை மாற்றும் வரை போடவில்லை. என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் சிலர் இன்றும் உண்டு.

கான்ராட் 1894 ஜனவரியில் கடலை விட்டார். 1895-ல் முதல் நாவல். 1890-ல் காங்கோ ஆற்றில் படகோட்டியபோது பார்த்த கொடுமைகள் 1899-ல் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' ஆயின. அந்தக் கதை ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகக் காட்டவில்லை என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-ல் கடுமையாகச் சாடினார். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1924-ல் பிரிட்டிஷ் அரசு தரவிருந்த சர் பட்டத்தை மறுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி மறைந்தார்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் பெரிய நாவலுக்குப் போக வேண்டாம். 'யூத்', 'டைஃபூன்' இரண்டும் சிறியவை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் காணும். பிறகு 'லார்ட் ஜிம்' படியுங்கள். நாளைக்கு நீங்களும் பாலத்துக்கோ பாய்லருக்கோ கையெழுத்துப் போடப் போகிறவர்கள். அதன் மேல் நடக்கிறவர்களும் பக்கத்தில் நிற்கிறவர்களும் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள். உங்கள் கையெழுத்தை நம்பித்தான் நிற்பார்கள்.