சுழியோடியின் கைக்கடிகாரம்



திருகோணமலையிலே சுழியோடப் பழகிவரும் என் மருமகன் சென்ற மாதம் என்னிடம் ஒரு யோசனை கேட்டான். ஐந்து ஆண்டுகளாகச் சேமித்த பணத்தைக் கொடுத்துச் சுவிற்சர்லாந்தின் சுழியோடிக் கடிகாரமொன்றை வாங்கலாமா என்பதே அது. விலையோ பல இலட்சம் ரூபா. "ஆழத்திலே உயிரைக் காக்கும் பொருளல்லவா, மாமா?" என்றான். அக்காரணம் பொருந்துமா என்று காண, அக்கடிகாரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மன்னார்க் கடலிலே முத்துக்குளித்தவர்க்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கல்லின் துணையோடு இறங்கியவனுக்கு அவனுடைய மூச்சே நாழிகை வட்டில். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைத்தான். தோணியில் நின்றவன் மேலே இழுத்தான். காற்றை முதுகிலே சுமந்து செல்லத் தொடங்கியபோதுதான் இடர் பிறந்தது. 1943ஆம் ஆண்டிலே பிரான்சியரான கூஸ்தோவும் கன்யானும் அதற்கான கருவியை அமைத்தனர். கலத்திலுள்ள காற்று, தீரும் தறுவாய்வரை இலகுவாகவே வரும். மேலும், ஆழத்தில் நெடுநேரம் தங்கியவன் விரைந்து மேலெழுந்தால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழிகளாகி அவனை முடமாக்கும், கொல்லவும் கூடும். ஆகவே நிமிடங்களை எண்ணியாக வேண்டும்.

நீர் புகாத கடிகாரம் அதற்கு முன்னரே இருந்தது. றோலெக்ஸ் நிறுவனம் 1926இல் அதனை ஆக்கியது. மறு ஆண்டு ஒக்டோபரில் மேர்சிடிஸ் கிளைட்சே என்ற ஆங்கில நங்கை அதனைக் கழுத்திலே தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். குளிரினால் அன்று அவர் கரைசேரவில்லை. கடிகாரத்தின் புகழ் கரைசேர்ந்தது!

ஆயினும் நீரைத் தாங்குவது வேறு, சுழியோடிக்கு உதவுவது வேறு. பிளாங்பான் நிறுவனத் தலைவர் பீஷ்டர் தாமே ஒரு சுழியோடி. தென் பிரான்சின் கடலிலே நேரத்தை மறந்து காற்றுத் தீர்ந்துபோக, அரும்பாடுபட்டு மேலே வந்தவர். 1953இல் அவர் ஆக்குவித்த கடிகாரம் 'ஐம்பது பாகம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெற்றது. அஃது ஏறத்தாழ 91 மீற்றர் ஆழம். பிரான்சியக் கடற்படையின் போர்ச் சுழியோடிகளும் அதனை ஏற்றனர். றோலெக்ஸின் 'சப்மரீனர்' வந்ததும் அக்காலத்திலேயே.

இவற்றின் சிறப்பு முகப்பைச் சுற்றியுள்ள வளையத்திலே உள்ளது. இறங்குமுன் அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், கழிந்த நிமிடங்களை இருளிலும் ஒரே பார்வையில் அறியலாம். பின்வந்தவற்றிலே வளையம் ஒரு பக்கமே திரும்பும். பாறையிலே தட்டுப்பட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டியே காட்டும். சுழியோடி முந்தி மேலே வருவானேயன்றிப் பிந்தமாட்டான். இந்த எளிய சூழ்ச்சியை எத்துணை பாராட்டினும் தகும்.

1960 சனவரி 23ஆம் நாள் 'திரியெஸ்த்' என்னும் ஆழ்கடற் கலத்தின் வெளிப்புறத்திலே பொருத்தப்பட்ட றோலெக்ஸ் ஒன்று, பத்தாயிரம் மீற்றருக்கும் கீழே சென்று ஓடியபடியே மீண்டது. அந்த ஆழத்துக்கு எந்தச் சுழியோடியும் போகப்போவதில்லை. கருவி விருதாக மாறத் தொடங்கியது அங்கேதான் என்பது என் எண்ணம். 1980களிலே ஆழத்தையும் நேரத்தையும் தானே கணித்துச் சொல்லும் சிறு கணினிகள் சுழியோடிகளின் கைக்கு வந்தன. அவற்றின் விலை இக்கடிகாரத்தின் விலையிலே சிறு பங்குதான்.

ஆகவே மருமகனுக்கு இவ்வாறு எழுதினேன்: "உயிருக்காக என்றால் கணினியை வாங்கு. அந்த வளையத்தின் அழகுக்காக என்றால், வீட்டுக் கூரை வேலை முடிந்தபின் வாங்கு. பழையது மலிவாகக் கிடைத்தால், உள்ளிருக்கும் இறப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தத்திலே சோதிப்பிக்கும்வரை கிணற்றிலும் இறக்காதே."

மறுமொழி இன்னும் வரவில்லை.